ரத்தக்கட்டியைக் கரைக்க ஒலியின் துணை



காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் சில சமயம் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடும். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு, பிரசவத்தை ஒட்டி, புற்றுநோயின்போது, நாள்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது இது வரலாம். அது அங்கேயே இருக்கும்வரை கால் வீக்கம், வலி. பிய்த்துக்கொண்டு கிளம்பினாலோ, இதயத்தின் வலப்பக்கம் வழியாகப் போய் நுரையீரல் தமனியை அடைத்துவிடும். நன்றாக நடமாடியவர் நாலு படி ஏறுவதற்குள் மூச்சு முட்டி உட்கார்ந்துவிடுவார். அடைப்பு பெரிதென்றால், ரத்தத்தைத் தள்ள முடியாமல் வலது இதயம் உப்பித் தளர்ந்து, உயிருக்கே ஆபத்தாகும்.

இதற்கு முதலில் கொடுப்பது ஹெப்பாரின். அது கட்டியைக் கரைக்காது. மேலும் வளரவிடாமல் தடுக்கும். கரைப்பதற்கென்று அல்டெப்ளேஸ் என்ற மருந்து இருக்கிறது. கைச் சிரை வழியாக 100 மில்லிகிராமை 2 மணி நேரத்தில் ஏற்றுவது வழக்கம். ஆனால் அது உடம்பு முழுக்க ஓடும் மருந்து. கரைக்கக் கூடாத இடத்திலும் கரைக்கும். இதே வகையைச் சேர்ந்த டெனெக்டெப்ளேஸை வைத்து, நடுத்தர ஆபத்தில் இருந்த ஆயிரம் பேரிடம் நடந்த ‘பெய்தோ’ ஆய்வின் முடிவு 2014இல் வெளியானது. மருந்து பெற்றவர்களின் ரத்த ஓட்டம் நிலைகுலைவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்து பக்கவாதம் வந்தது. மருத்துவர்களைத் தயங்க வைத்தது இந்த எண்தான்.

மருந்தைக் கட்டிக்குள்ளேயே கொண்டுபோய் விட்டால்? தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாக, 2 மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத கதீட்டர் குழாயை நுழைத்து, இதயத்தைத் தாண்டி நுரையீரல் தமனிக்குக் கொண்டுசெல்கிறார்கள். குழாயின் பக்கவாட்டுத் துளைகளில் மருந்து கசியும். குழாய்க்குள் இருக்கும் மெல்லிய கம்பியிலிருந்து, காதுக்குக் கேட்காத மீயொலி அலைகள் கிளம்பும். சூடு ஏறாமலிருக்க உப்புநீரும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த அலைகள் கட்டியை உடைப்பதில்லை. ரத்தக்கட்டி என்பது ஃபைப்ரின் இழைகள் சிக்குப்பிடித்த நூல்கண்டாகப் பின்னிக் கிடப்பது. அலைகள் அந்தப் பின்னலைத் தளர்த்தி, மருந்தை உள்ளே தள்ளிவிடுகின்றன. கரைப்பது என்னவோ மருந்துதான்.

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 59 நோயாளிகளிடம் நடந்த ‘அல்டிமா’ ஆய்வில், ஒரு நுரையீரலுக்கு 10 மில்லிகிராம் வீதம் 15 மணி நேரம் மருந்து விட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 20. அதாவது வழக்கமான அளவில் ஐந்தில் ஒரு பங்கு. உப்பியிருந்த வலது இதயம் ஒரே நாளில் நன்றாகச் சுருங்கியது. ஹெப்பாரின் மட்டும் பெற்றவர்களுக்கு அந்த மாற்றம் ஏறக்குறைய இல்லை. 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, நுரையீரல் அடைப்புக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்த அனுமதித்தது.

இதில் ஒலியின் பங்கு எவ்வளவு என்பதை விசாரித்தே ஆகவேண்டும், ஏனென்றால் இந்தக் கருவியின் விலை அதிகம். அமெரிக்காவில் 81 பேரிடம் நடந்த ‘சன்செட்’ ஆய்வு 2021இல் வெளியானது. ஒலி இல்லாத சாதாரணக் கதீட்டரில் அதே அளவு மருந்து விட்டாலும் கட்டி அதே அளவுக்கே கரைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் என் கணிப்பில், இந்தச் சிகிச்சையின் பெரிய பலன் மருந்து உரிய இடத்தில், குறைந்த அளவில் சேர்வதில் இருக்கிறது. ஒலிக்கருவி இல்லாத மருத்துவமனை என்பதற்காக நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

எந்தச் சிகிச்சைக்கும் நோயாளி நேரத்தோடு வந்து சேரவேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். கட்டி இடம் பெயரக்கூடும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். அண்மையில் அறுவை சிகிச்சையோ பிரசவமோ நடந்திருந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.