பழவேற்காட்டுச் சேற்றில் மூணு டன் வீடு

"காரவன் டிரிப் எப்படி ப்ரோ போச்சு?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரவன்னு சொன்னதும் ஷூட்டிங்ல ஹீரோ உட்கார்ந்திருக்கிற ஏசி பஸ்தான் ஞாபகம் வரும். நாங்க வாடகைக்கு எடுத்தது அந்த அளவுக்கெல்லாம் இல்லை. ஒரு வேன், உள்ளே ரெண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தண்ணி டேங்க். மொத்த எடை மூணு டன்னுக்கு மேல. இந்த மூணு டன்னை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

சென்னையிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி தாண்டினா பழவேற்காடு. 60 கிலோமீட்டருக்குள்ளதான். முதல் சிக்கல் உயரம். குப்பத்துத் தெருவுல கேபிள் ஒயரெல்லாம் ஆட்டோவுக்கு அளவெடுத்த மாதிரி தொங்குது. ஒருத்தன் இறங்கி முன்னாடி நடந்து பார்த்துச் சொல்ல, பின்னாடி வண்டி ஊர்ந்துச்சு. ஃபிரிட்ஜ் பேட்டரி மத்தியானமே படுத்துருச்சு. அதை விடுங்க.

பெரிய சிக்கல் ஏரிக்கரையில. எதிரே வந்த ஐஸ் லாரிக்கு வழிவிட ஓரமா ஒதுங்கினோம். தரை வெள்ளையா உப்புப் பூத்து, காஞ்சு, கெட்டியா தெரிஞ்சுது. பின் சக்கரம் பாதிக்கு மேல இறங்கிருச்சு. ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமா போகுது. வலை பிரிச்சுக்கிட்டிருந்த ஒரு அண்ணா வந்து பார்த்தாரு. "தம்பி, வண்டியை நிறுத்து. இது மேலதான் காயும். கீழ எப்பவும் சேறுதான்."

அவங்க நாலு பேர் செஞ்சதுல சரியான இன்ஜினியரிங் இருந்துச்சு. முதல்ல டேங்க் தண்ணியை முழுசா திறந்துவிடச் சொன்னாங்க, எடை குறையுது. டயர்ல பாதிக் காத்தை இறக்கினாங்க, டயர் தட்டையாகி எடை அகலமாப் பரவுது. சக்கரத்துக்கு முன்னாடி மண்ணைத் தோண்டி பனமட்டையும் பலகையும் போட்டாங்க. அப்புறம் படகு இழுக்கிற டிராக்டர் வந்துச்சு. மொத்தம் மூணு மணி நேரம்.

நடுவுல அந்த அண்ணா அடிக்கடி மணி கேட்டுக்கிட்டே இருந்தாரு. ஏன்னு கேட்டேன். "இன்னிக்கு எங்க பாடு." பழவேற்காட்டுல எந்த இடத்துல யார், எந்த நாள் வலை போடணும்னு முறைவச்சுப் பிரிச்சுக்கிறாங்க. அந்த முறைக்குப் பேர்தான் பாடு. பல தலைமுறையா நடக்குது. ஒரே ஆளே நல்ல இடத்தைப் பிடிச்சுக்க முடியாது. ஆனா உங்க முறை போச்சுன்னா அடுத்த முறை வரைக்கும் காத்திருக்கணும். எங்க வேனுக்காக அவர் அதைத்தான் பணயம் வச்சிருந்தார்.

பாடு கிடைச்சாலும் இறால் கிடைக்கணுமே. ஏரியும் கடலும் சேர்ற முகத்துவாரம் வழியாத்தான் இறால் குஞ்சு உள்ளே வருது. கடலோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து அங்கே குவிச்சுக்கிட்டே இருக்கு. மழைக்காலத்துல ஆரணியாத்துத் தண்ணி அந்த மணலைத் தள்ளிவிடும். கோடையில தள்ள ஆளில்லை, வாய் தூர்ந்துபோகும். இறால் வராது. தண்ணி ஆவியாகி ஏரியில உப்பு ஏறும். கடலுக்குப் போற படகும் மணல்ல தட்டி நிக்கும். எங்களுக்கு மூணு மணி நேரம் நடந்தது அவங்களுக்கு மாசக்கணக்குல நடக்குது. இது போதாதுன்னு பக்கத்துல ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவுற நாள்ல கடலுக்குப் போகாதீங்கன்னு அறிவிப்பு வரும். நாம மொட்டை மாடியில நின்னு கைதட்டுற நாள் அது.

ஒரு முக்கியமான விஷயம். கரையில யாராவது "படகுல ஒரு ரவுண்டு போலாமா சார்?"னு கேட்கலாம். வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்கு இங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனாங்க. அதுக்கப்புறம்தான் படகுச் சவாரிக்குத் தடை வந்துச்சு. டச்சுக் கல்லறைகளைப் பாருங்க, கலங்கரை விளக்கம் பக்கம் நடங்க, அது போதும்.

டிராக்டர்காரர் டீசல் காசு மட்டும் வாங்கிக்கிட்டாரு. வேன் வாடகைக்கு விட்டவங்க சேறு கழுவ டெபாசிட்ல பாதியைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த அண்ணா இருட்டுறதுக்குள்ள வலையை ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டாரு. மறுநாள் காலையில ஏலத்துல அவரைப் பார்த்தோம். கூடையில பாதிகூட இல்லை. "வாய் அடைச்சிருக்கு தம்பி, மழை வரட்டும்"னாரு.