மல்லரங்கில் எழுந்த சாட்சி

(கலகெதரவில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் நேரே இங்கு வந்திருக்கின்றீர்கள். களைத்திருக்கும் இந்த அந்தி வேளையில் உங்கள் முன் ஒரு புத்தகத்தை எடுத்து வைக்கின்றோம். மல்யுத்த வீராங்கனை ஒருவர் எழுதிய தன் வாழ்க்கை வரலாறு அது. “மல்யுத்தத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு? அதிலும் பெண்ணொருத்தியின் மல்யுத்தம்!” என்று சிலர் புன்னகை புரிவது தெரிகின்றது. புன்னகை இருக்கட்டும். நாம் பேசி முடிக்கும்போதும் அது முகத்தில் எஞ்சியிருக்கின்றதா என்று பார்ப்போம்.

நாம் கூடியிருக்கும் ஊர் கண்டியிலிருந்து குருநாகலுக்கு மலையிறங்கும் கணவாய். கண்டி மன்னர் காலத்தில் இராச்சியத்தைக் காத்த வாயில்களுள் ஒன்று. கணவாயைக் காப்பதற்கு ஒருவன் தோள்வலி போதாது. பக்கத்தில் நிற்பவனும் ஓடாமல் நிற்க வேண்டும். இந்தப் புத்தகம் சொல்லும் செய்தியும் அதுவே.

முதலில், புத்தகம் எழுதாமலே மறைந்த ஒரு பெண்ணை நினைவுகூர்வோம். அவர் பெயர் ஹமீதா பானு. வட இந்தியாவின் மிர்சாப்பூரில் பிறந்து, அலிகாரில் பயிற்சி பெற்று, 1940களிலும் 1950களிலும் மல்யுத்தத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவர். மல்லரங்கில் தம்மை வீழ்த்தும் ஆடவனையே மணப்பதாக 1954ஆம் ஆண்டு அறைகூவல் விடுத்தார். அவ்வாண்டு பரோடாவில் பாபா பகல்வான் என்பவர் களத்தில் இறங்கினார். 1 நிமிடம் 34 வினாடிகளில் போட்டி முடிந்தது, வென்றவர் ஹமீதா!

ஊர் மகிழ்ந்ததா? கோலாப்பூரில் ஓர் ஆடவனை வென்றதற்காகக் கூட்டம் அவர்மீது கல்லெறிந்தது. பூனாவில் நடக்கவிருந்த போட்டி நிறுத்தப்பட்டது. அவர் அன்றைய பம்பாய் முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடமே முறையிட்டார். பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, போட்டி நடத்துவோர்மீது புகார்கள் வந்தமையால் தடுத்தோம் என்று பதில் வந்தது.

அதன் பின் ஹமீதா பானு மெல்ல மெல்ல மறைந்து போனார். பம்பாய்க்கு அருகிலுள்ள கல்யாணில் பால் விற்றார்; கையில் பணம் வற்றிய காலத்தில் வீட்டில் செய்த தின்பண்டங்களைத் தெருவோரம் வைத்து விற்றார். 1986இல் காலமானார். ஐரோப்பா சென்று போட்டியிட விரும்பிய அவரைப் பயிற்றுநரே அடித்து முடக்கினார் என்கின்றார் உறவினர் ஒருவர். அவருக்குத் திருமணம் நடந்ததா இல்லையா என்பதிலேயே உறவினர்கள் ஒருவருக்கொருவர் மாறுபடுகின்றனர். எது உண்மை? சொல்ல வேண்டியவர் எழுதி வைக்கவில்லை. ஆடவரை வீழ்த்திய பெண்ணின் கதையை மற்றவர்களே அவரவர்க்குத் தோன்றியவாறு சொல்லிக்கொண்டிருக்கின்றனர். வலிமை இருந்தது; வாக்குமூலம் இல்லை!

இனி, எழுதி வைத்தவரிடம் வருவோம்.

அவர் சாக்ஷி மாலிக். சாக்ஷி என்றால் வேறொன்றுமில்லை; நாம் வழங்கும் ‘சாட்சி’ என்ற சொல்லே அது. பத்திரிகையாளர் ஜொனாதன் செல்வராஜுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 2024 ஒக்டோபரில் வெளிவந்தது. ‘விட்னஸ்’ என்ற அதன் ஆங்கிலப் பெயருக்கும் பொருள் சாட்சியே. பெயரும் நூலும் பணியும் ஒன்றாகிவிட்ட பெண் அவர்.

அவர் பிறந்தது 1992இல், அரியானா மாநிலத்தின் மோக்ரா கிராமத்தில். தந்தை டில்லியில் பஸ் நடத்துநர், தாய் அங்கன்வாடி ஊழியர், பாட்டனார் மல்லர். அந்த மாநிலம் எத்தகையது? 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கே ஆயிரம் ஆண்களுக்கு 879 பெண்களே இருந்தனர். பெண் பிறப்பதையே பாரமாக எண்ணிய மண் என்பதற்கு இந்த எண்ணே போதும். அந்த மண்ணில் 12 வயதுச் சிறுமி ரோத்தக் நகரின் சோட்டு ராம் மைதானத்தில் ஈஸ்வர் தஹியாவிடம் மல்யுத்தம் பயிலத் தொடங்கினாள். பெண்களுக்குக் குஸ்தி கற்பிக்கலாமா என்று ஊரார் அந்த ஆசிரியரையே எதிர்த்து நின்றனர்.

ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் சேர்க்கப்பட்டதே 2004இல்தான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2016 ஓகஸ்டில், ரியோ நகரில் சாக்ஷி 58 கிலோ எடைப் பிரிவில் களமிறங்கினார். கால் இறுதியில் ரஷ்ய வீராங்கனையிடம் தோற்றார். அந்த ரஷ்யப் பெண் இறுதிப் போட்டி வரை சென்றமையால், விதிப்படி சாக்ஷிக்கு வெண்கலத்துக்காகப் போராட மறுவாய்ப்புக் கிட்டியது. அந்தப் போட்டியில் கிர்கிஸ்தானின் ஐசுலு தைனிபெக்கோவாவிடம் 0–5 எனப் பின்தங்கி நின்றவர், இறுதி வினாடிகளில் எதிரியைப் புரட்டி 8–5 என்று வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்திய மல்யுத்தப் பெண் அவரே. ஊரே திரண்டு மாலை சூட்டியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இந்நூலைத் தூக்கிக்கொண்டு கலகெதர வரை வந்திருக்க மாட்டோம்.

2023 ஜனவரியில் சாக்ஷியும் வினேஷ் போகாட்டும் பஜ்ரங் புனியாவும் டில்லி ஜந்தர் மந்தரில் தரையில் அமர்ந்தனர். இந்திய மல்யுத்தச் சம்மேளனத்தின் தலைவரும் ஆளுங்கட்சியின் பாராளுமன்ற உறுப்பினருமாக அன்று இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங், வீராங்கனைகளிடம் முறைகேடாக நடந்தார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. விசாரணைக் குழு ஒன்று அமைந்தது, குறை தீரவில்லை. ஏப்ரலில் மீண்டும் தெருவுக்கு வந்தனர். அவர்கள் உச்ச நீதிமன்றத்தை நாடிய பின்னரே, ஏப்ரல் 28ஆம் நாள், பொலிஸார் வழக்கைப் பதிவு செய்தனர். ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக நடைபாதையில் படுத்துறங்கினர். மே 28 அன்று புதிய பாராளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட வேளையில், அதை நோக்கி நடந்தவர்களைப் பொலிஸார் இழுத்துச் சென்றனர்.

இரண்டு நாட்களின் பின் பதக்கங்களைக் கங்கையில் விட்டுவிடுவதென ஹரித்துவாரம் சென்றனர். தடுத்தவர் யார்? அமைச்சரா? அதிகாரியா? விவசாயிகளின் தலைவர் நரேஷ் டிக்காயத்! ஏர் பிடிக்கும் மக்களின் சங்கமே அந்தப் பிள்ளைகளின் கையைப் பிடித்தது. இங்கே அமர்ந்திருக்கும் விவசாயப் பெருமக்கள் இதை நெஞ்சில் இருத்த வேண்டுகின்றோம்.

நீதியோடு பேச வேண்டுமாயின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரிஜ் பூஷண் எல்லாவற்றையும் மறுத்தார். ஆறு பெண்கள் தொடுத்த வழக்கில் 2024 மே மாதம் நீதிமன்றம் குற்றச்சாட்டுகளை வரைந்தபோது தாம் குற்றவாளியல்லர் என்றார். வயது வராத பெண்ணொருவர் தொடர்பான மற்றொரு வழக்கு 2025 மே மாதம் நீதிமன்றத்தால் முடித்து வைக்கப்பட்டது. தீர்ப்புக் கூறுவது நீதிமன்றத்தின் வேலை, மேடையின் வேலையன்று. ஆனால் சாட்சி சொல்பவள் அச்சமின்றிச் சொல்ல வழி செய்வது சமுதாயத்தின் வேலை. அந்த வேலையைச் சமுதாயம் செய்ததா?

2023 டிசம்பர் 21ஆம் நாள் சம்மேளனத் தேர்தல் நடந்தது. பிரிஜ் பூஷணுக்கு நெருக்கமான சஞ்சய் சிங், பொதுநலவாய விளையாட்டில் தங்கம் வென்ற அனிதா ஷியோரானை 40க்கு 7 என்ற வாக்குகளால் தோற்கடித்தார். அன்றே சாக்ஷி பத்திரிகையாளர் முன் தம் மல்யுத்தச் சப்பாத்துகளைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணீரோடு விளையாட்டை விட்டு விலகினார். எதிரிகளால் வீழ்த்தப்படாதவரை அவருடைய விளையாட்டின் நிருவாகமே வெளியேற்றியது.

நூலின் பெருமை இந்தப் போராட்டக் கதையில் மட்டும் இல்லை. அதில் வெளிப்படும் நேர்மையே நம்மைத் தலைவணங்கச் செய்கின்றது. சிறு வயதில் பாடம் சொல்லித் தந்த ஆசிரியர் ஒருவர் தம்மிடம் தகாதவாறு நடந்ததையும், குற்றம் தம்முடையதே என்று எண்ணி வீட்டாரிடம் அதை மறைத்ததையும் அவர் எழுதுகின்றார். 2012இல் கசகஸ்தானின் அல்மாட்டியில், பெற்றோருடன் தொலைபேசியில் பேசுவதற்கென்று தலைவரின் அறைக்கு அழைக்கப்பட்டதையும், அங்கே தமக்கு நேர்ந்ததாகக் கூறும் கொடுமையையும், அவரைத் தள்ளிவிட்டு அழுதுகொண்டே வெளியேறியதையும் எழுதுகின்றார். இதையும் அத்தலைவர் மறுத்திருக்கின்றார். போராட்டத் தோழர்களையும் சாக்ஷி விட்டுவைக்கவில்லை. ஆசிய விளையாட்டுக்கான தெரிவுப் போட்டியிலிருந்து வினேஷும் பஜ்ரங்கும் விலக்குப் பெற்றது போராட்டத்தின் பெயரைக் கெடுத்தது என்று வெளிப்படையாகவே குறை கூறுகின்றார். தன் பக்கத்துக் குறையையும் மறைக்காது சொல்வதுதானே சாட்சி?

ஒன்றை எண்ணிப் பாருங்கள். எதிரியை நிலத்தில் அறையும் வலிமை பெற்ற பெண், அந்த வலிமையோடு பல ஆண்டுகள் வாய்மூடி இருந்தார். ஏன்? போட்டிக்குத் தெரிவு செய்வோரும் அவர்களே. பயணத்துக்கு ஒப்பமிடுவோரும் அவர்களே. முறையிடப் போனால் முறைப்பாட்டைக் கேட்க வேண்டியவர்களும் அவர்களே! தராசும் படிக்கல்லும் ஒரே கையில் இருந்தால் நிறை எப்படிச் சரியாகும்?

தராசு என்றதும் இங்குள்ள தாய்மார்கள் சிலர் தலைநிமிர்வதைக் காண்கின்றோம். கொழுந்து நிறுக்கும் தராசின் முன் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமது தோட்டங்களில் பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான நாட்கூலி கிடைத்ததே 1984இல்தான். நிறையில் குறை நேர்ந்தாலும், நடத்தையில் குறை நேர்ந்தாலும், முறையிட வேண்டிய இடம் மேலே இருப்பவரிடமே என்றால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? அலுவலகத்திலும் பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் பணிபுரியும் படித்த பெண்களின் நிலை மட்டும் வேறா?

நம் நாட்டு மகளிரும் வலிமையில் குறைந்தவர்கள் அல்லர். கேகாலை மாவட்டத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்தில் பதக்கம் வென்றார். அந்த வெண்கலம் பின்னர் வெள்ளியாக உயர்ந்தது. 2022இல் பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டில் 57 கிலோ மல்யுத்தத்தில் நெத்மி பொருதொட்டகே வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 18. அத்தகைய பிள்ளை நாளை நம் வீட்டிலும் பிறக்கலாம். ஏன், பிறந்தும் இருக்கலாம்!

சட்டமும் இல்லாமல் இல்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பாலியல் தொந்தரவு நமது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றமாகும். சட்டம் ஏட்டில் இருக்கின்றது. அதை நாடிச் செல்லும் பெண்ணுடன் வழித்துணைக்கு யார் இருக்கின்றார்கள்?

ஆகவே மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கின்றோம். மகள் வந்து ஒன்றைச் சொன்னால், “நீ ஏன் அங்கே போனாய்?” என்று தொடங்காதீர்கள், முதலில் முழுவதையும் கேளுங்கள். நமது சங்கங்களிலும் விளையாட்டுக் கழகங்களிலும் பணியிடங்களிலும், மேலதிகாரியின் கைக்கு எட்டாத ஒருவரிடம் முறையிடும் வழியைக் கேட்டு வாங்குங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமையையும் மதித்து, விசாரணை முடியும்வரை சாட்சி சொன்னவளைத் தனியே விடாதீர்கள்.

ஹமீதா பானு தனியே நின்றார். அவர் கதை காற்றோடு போயிற்று. சாக்ஷியின் பக்கத்தில் சிலர் நின்றனர். ஒரு புத்தகம் பிறந்தது. எல்லோரும் நின்றிருந்தால் அந்தச் சப்பாத்துகள் மேசைக்கு வந்திருக்குமா?

கணவாயூர் மக்களே! உங்கள் வீட்டுச் சாட்சி வாய் திறக்கும் நாளில், பக்கத்தில் நில்லுங்கள்.