கரும்பு லாரிக்குக் கிரவுன் பினியன் மாற்றலாமா?



ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கரும்பைச் சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு ஏற்றிச் செல்லப் பழைய டீசல் லாரி வாங்குகிறவர்கள் உண்டு. பாரம் ஏற்றியதும் வண்டி திணறும். "பின் ஆக்சில்ல கிரவுன் பினியனை மாத்திடுங்கண்ணே, சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்" என்பார் மெக்கானிக். பணத்தைப் போடுவதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடப்பாரையால் பாறையை நெம்புகிறோம். கை ஒரு முழம் இறங்கினால் பாறை ஓர் அங்குலம்தான் நகரும். தூரத்தைக் கொடுத்து பலத்தை வாங்குகிறோம். ஆக்சிலிலும் இதே கணக்குதான். கிரவுனில் 41 பல், பினியனில் 7 பல் என்று வையுங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்ற, நடுத்தண்டு 5.86 சுற்று சுற்றும். பினியன் 6 பல்லானால் 6.83 சுற்று. ஆறு மாடு இழுத்த இடத்தில் ஏழு மாடு பூட்டியது போல இழுவை கூடும். ஆனால் அதே எஞ்சின் ஓட்டத்தில் 50 கிலோமீட்டர் வேகம் போன வண்டி, சுமார் 43 தான் போகும். எஞ்சினின் குதிரைசக்தி கூடவில்லை. பிரேக்கும் பலப்படவில்லை. ஆகவே ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைக்கு மேல் ஒரு கட்டுகூட ஏற்றக் கூடாது. இழுக்க முடிந்த பாரத்தை நிறுத்தவும் முடிய வேண்டாமா?

வண்டி எங்கே திணறுகிறது என்று முதலில் பாருங்கள். வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறும் கரையில் மட்டும்தானா? அதற்குத்தான் முதல் கியர் இருக்கிறது. அந்த நூறு கஜத்துக்காக ஆக்சிலை மாற்றினால், ஆலை வரைக்கும், காலி வண்டியாகத் திரும்பும்போதும் எஞ்சின் கூடுதலாகச் சுற்றி டீசலைக் குடிக்கும். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சுற்றுகிறதென்றால் குறை இழுவையில் இல்லை, பிடிப்பில். அப்போது பல்லை மாற்றிப் பயனில்லை. சக்கரத்தடியில் கரும்புச் சோகையைப் போடுங்கள். வயலில் பாதி பாரம் ஏற்றி, மீதியை ரோட்டோரத்தில் ஏற்றுங்கள்.

அளவான பாரத்தோடு சமரோட்டிலும் திணறினால், ஏர் ஃபில்டர், டீசல் பம்பு, கிளட்ச், டயர் காற்று எல்லாவற்றையும் சோதியுங்கள். அளவுக்குப் பெரிய டயர் மாட்டியிருந்தாலும் இழுவை குறையும். இவையெல்லாம் சரியாக இருந்தும் மேல் கியரில் இழுக்கவே இல்லையென்றால்தான் பல் மாற்றும் யோசனைக்கு வர வேண்டும்.

அப்போதும் அந்த மாடலுக்குக் கம்பெனி தரும் அளவையே கேளுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள். கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று என்று சேர்த்தால் பல் தேய்ந்து ஊளையிடும். மாற்றிய பிறகு வேகமானி உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

மாட்டின் பலமறிந்து பாரம் ஏற்றியவர்கள் நாம். லாரிக்கும் அதே நியாயந்தான்.