‘ஆம்’ என்று அழுத்தும் முன்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டபோது எங்கள் பள்ளியில் இணைய வசதி சரியாக இல்லை. ஒளிபரப்பு நேரமும் எங்கள் பாடவேளையும் ஒத்துவரவில்லை. அதனால் பதிவு வசதியுள்ள செட்டாப் பாக்ஸ் ஒன்றை வாங்கி, என்னிடமிருந்த ஹார்டு டிஸ்க்கை அதில் செருகினேன். ‘டிஸ்க்கை ஃபார்மட் செய்யலாமா?’ என்று திரையில் வந்தது. ‘ஆம்’ என்று அழுத்திவிட்டேன்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டு விழாவில் நடத்திய வில்லுப்பாட்டின் காணொலி அதில்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை. பாடிய பிள்ளைகளும் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். ஃபார்மட் ஆன பிறகும் மேலே எதையும் எழுதாமல் வைத்திருந்தால் மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. நானோ அன்று மாலையே அதில் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டேன்.

அந்தத் தவறு உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இந்த உரை. டிஸ்க் வேலை செய்யவில்லை என்றால், எதையும் அழிக்காத சோதனைகளை முதலில் செய்யுங்கள். ஃபார்மட் கடைசியில்தான்.

முதலில் கேபிள். டிஸ்க்கைப் பெட்டி கண்டுகொள்ளவே இல்லையா? கேபிளை மாற்றிப் பாருங்கள். பெட்டியில் வேறு யுஎஸ்பி துளை இருந்தால் அதிலும் செருகிப் பாருங்கள். சில பெட்டிகளில் ஒரு துளை மட்டுமே பதிவுக்கு உரியது.

அடுத்து மின்சாரம். டிஸ்க்கின் விளக்கு எரிந்து எரிந்து அணைகிறதா? பதிவின் நடுவே இணைப்பு அறுகிறதா? யுஎஸ்பி 2.0 துளை தரும் மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. கையடக்க டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 500க்கு மேல் கேட்கக்கூடும். நீளமான, மெல்லிய கேபிள் இருந்தால் சிக்கல் கூடும். குட்டையான கேபிளைப் போடுங்கள். அல்லது தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வழியாக இணையுங்கள்.

மூன்றாவது, டிஸ்க்கின் கோப்பு அமைப்பு. கணினியில் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் அமைப்பைப் பல பெட்டிகள் பதிவுக்கு ஏற்பதில்லை. அதனால்தான் ஃபார்மட் செய்யலாமா என்று கேட்கின்றன. மறுபுறம், பெட்டி தன் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கைக் கணினியில் செருகினால், அது புரியாமல் கணினியும் அதே கேள்வியைக் கேட்கும். இரண்டு இடத்திலும் ‘இல்லை’ என்பதே சரியான பதில். டிஸ்க் பழுதாகவில்லை, ஒன்றின் மொழி மற்றொன்றுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பதிவு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றுவிட்டால் ஃபேட்32 அமைப்பைச் சந்தேகியுங்கள். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நொடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி ஆகும். அப்படியானால் இரண்டு மணி நேரம் சற்றுக் கடந்ததும் எல்லை வந்துவிடும். சில பெட்டிகள் தாமே கோப்பைத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளும். மற்றவற்றில் பதிவு நேரத்தை நாம்தான் குறைத்து வைக்க வேண்டும்.

டிஸ்க்கிலிருந்து ‘டக், டக்’ என்று ஒரே சீரான சத்தம் வந்தால், உள்ளே பழுது ஏற்பட்டிருக்கலாம். மீண்டும் மீண்டும் செருகிப் பார்க்காதீர்கள். முக்கியமானவை அதில் இருந்தால் தரவு மீட்பில் பழகியவரிடம் கொடுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பல பெட்டிகள் பதிவைப் பூட்டி வைக்கின்றன. பதிவு செய்த பெட்டியில் மட்டுமே அது ஓடும். பெட்டி பழுதாகி மாற்றினால், டிஸ்க் நன்றாக இருந்தும் பாடங்கள் ஓடாமல் போகலாம். ஆகவே அந்தப் பதிவை நிரந்தரச் சேமிப்பாகக் கருதாதீர்கள். கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களை யூடியூபிலாவது தேடி எடுக்கலாம். நம் பிள்ளைகளின் காணொலி நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது.

பதிவு ஓடும்போது டிஸ்க்கைப் பிடுங்காதீர்கள். பதிவை நிறுத்தி, பெட்டியில் ‘பாதுகாப்பாக நீக்கு’ வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தி, பிறகு எடுங்கள்.

இந்தச் சோதனைகளை மாணவர்களோடு சேர்ந்தே செய்யலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, என்ன நடந்தது என்று குறித்துக்கொள், பிறகு அடுத்ததற்குப் போ. அறிவியல் பாடத்தில் நாம் சொல்லித்தருவதும் இதைத்தானே?

இப்போது எங்கள் பள்ளியில் இரண்டு டிஸ்க்குகள் இருக்கின்றன. ஒன்றின் மேல் ‘டிவி பதிவுக்கு மட்டும்’ என்று ஒட்டியிருக்கிறோம். மற்றொன்றின் மேல் ‘பிள்ளைகள்’ என்று எழுதியிருக்கிறோம். அது பெட்டியின் பக்கமே போவதில்லை. அதற்கு ஒரு பிரதியும் தலைமையாசிரியர் அறை பீரோவில் இருக்கிறது.