கூட்டணுமா, கழிக்கணுமா?

ஆவடியிலிருந்து மின்சார ரயில் புறப்படுகிறது. பெட்டியில் 30 பேர். அம்பத்தூரில் 8 பேர் இறங்குகிறார்கள், 5 பேர் ஏறுகிறார்கள். இதை ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். "மிஸ், கூட்டணுமா, கழிக்கணுமா?" என்றுதான் முதலில் கேட்கும். அதைச் சொல்லிவிட்டால் சரியாகப் போட்டுவிடும். கணக்குப் போட வருகிறது, கணக்கை எழுதத்தான் வரவில்லை.

30 − 8 + 5. அவ்வளவுதான். 27 என்ற விடை அப்புறம். நடந்ததை நடந்த வரிசையில் எண்ணும் குறியுமாக எழுதுவது தனித் திறமை. அதைப் பழக்காமல், 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி, 'அதிகம்' என்றால் கூட்டு என்று குறுக்குவழி சொல்லிக் கொடுக்கிறோம். அது எங்கே கவிழ்க்கும் தெரியுமா? "ராணியிடம் 9 பென்சில். மீனாவிடம் இருப்பதைவிட இது 2 அதிகம். மீனாவிடம் எத்தனை?" 'அதிகம்' காதில் விழுந்ததுமே பிள்ளை 9 + 2 என்று எழுதிவிடும்.

அடுத்தது சமக்குறி. 30 − 8 = 22 + 5 = 27 என்று பெரியவர்களே எழுதுகிறோம். விடை சரி, எழுதியது தப்பு. 30 − 8 என்பது 22, அது எப்படி 27-க்குச் சமமாகும்? 1557-இல் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட் இந்தக் குறியைப் புத்தகத்தில் கொண்டுவந்தபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறில்லை என்றார். நம் பிள்ளைகளுக்கோ அது 'விடை வரும் இடம்'. நம் பிள்ளைகள் மட்டுமல்ல. 8 + 4 = □ + 5, கட்டத்தில் என்ன வரும் என்று அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் கேட்டார்கள். 1999-இல் வந்த கட்டுரை சொல்கிறது: அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றார்கள். சரியான விடையான 7-ஐ ஒருவர்கூடச் சொல்லவில்லை!

பள்ளிகளில் முயற்சி நடக்காமல் இல்லை. கொரோனா விடுமுறையில் விட்டுப்போன பாடத்தை ஈடுகட்ட வந்த தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 2022 ஜூன் 13 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துப் பாடம் நடத்துவது அதன் முறை. நல்ல முறைதான். ஆனால் பள்ளி மட்டும் போதாது.

பெற்றோர்களே, இட்லி வேகும்போது கேளுங்கள்: தட்டுக்கு 4 இட்லி, 3 தட்டு, அப்பா 2 எடுத்துக்கொண்டார். எத்தனை என்று கேட்க வேண்டாம், "எழுதிக் காட்டு" என்று சொல்லுங்கள். 3 × 4 − 2 என்று எழுதட்டும். மறுநாள் திருப்பிக் கேளுங்கள். 12 − 5 என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள், அதற்கொரு கதையைப் பிள்ளை சொல்லட்டும். விடைக்கு அவசரப்படாதீர்கள்.