கியர்ப் பெட்டிக்கு ஓர் உஷ்ணமானி

வாழ்நாள் முழுவதும் கரும்பலகையின் முன் நின்ற ஒருவன் மோட்டார் வண்டியின் கியர்ப் பெட்டியைப் பற்றிப் பேச வருவானேன் என்று நீங்கள் வியக்கக்கூடும். நான் விஞ்ஞானம் கற்பித்தவன். யந்திரம் பழுது பார்ப்பவன் அல்லன். ஆயினும், ஓய்வு பெற்ற பின் ஒரு பட்டறையின் முக்காலியில் அமர்ந்து நான் ஒரு பாடம் கற்றேன். கற்பித்தவர் என்னுடைய பழைய மாணவர். அந்தப் பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர் திருப்போரூர். சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறையில், என் தம்பி தன் வண்டியில் எங்கள் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் புறப்பட்டான். தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமாட்டிக் வண்டி அது, சற்றுப் பழையது. சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வண்டிக்குள் ஏழு பேர். கூரையின் மேல் மூட்டை முடிச்சுகள். முன்னால் ஊர்ந்து செல்லும் ஒரு பஸ். பாதி மலை ஏறியிருப்போம். எஞ்சின் உறுமியது, வண்டியோ நகர மறுத்தது. அடியிலிருந்து தீய்ந்த நாற்றம் வந்தது. வண்டி மெல்லப் பின்னோக்கி நழுவத் தொடங்கிற்று. பின்னால் பள்ளம். தம்பி கைப் பிரேக்கை இழுத்துப் பிடித்தான். நான் கீழே குதித்து, சாலையோரத்துக் கல் ஒன்றை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தேன். உள்ளே இருந்தவர்களில் இருவர் குழந்தைகள். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றும் என் உள்ளங்கை வியர்க்கிறது.

“உஷ்ண முள் நடுவில்தானே இருக்கிறது, அண்ணா!” என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னது பொய்யன்று. முள் நடுவில்தான் இருந்தது. ஆனால் அந்த முள் அளந்தது எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரின் உஷ்ணத்தை. எரிந்துகொண்டிருந்ததோ கியர்ப் பெட்டி. அதன் உஷ்ணத்தைக் காட்ட அந்த வண்டியில் எந்த முள்ளும் இல்லை.

வண்டியை ஒரு லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தோம். செங்கற்பட்டுச் சாலையில் பட்டறை வைத்திருக்கும் என் மாணவர், கியர்ப் பெட்டியின் ஆயிலில் சில துளிகளை ஒரு வெள்ளைத் துணியில் விட்டுக் காட்டினார். இவ்வண்டியில் செந்நிறமாய்த் தெளிந்திருக்க வேண்டிய ஆயில், காப்பிக் கஷாயம்போல் கறுத்திருந்தது. உள்ளே இருந்த உராய்வுத் தட்டுகள் கருகியிருந்தன. ஆயிலைக் குளிர்விப்பதற்கென முன்புறத்தில் தனியே ஒரு சிறு ரேடியேட்டர் உண்டு. அதன் இடுக்குகளில் மண்ணும் பூச்சிகளும் அடைத்துக் கிடந்தன. காற்று நுழைய வழியில்லை. நோய் அங்கேதான் தொடங்கியிருந்தது.

ஆட்டோமாட்டிக் பெட்டி ஏன் இவ்வளவு சூடாகிறது? இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அது வீசும் காற்றில் மற்றதும் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதில் ஆயிலை நிரப்பி, ஒரு விசிறியை எஞ்சினோடும் மற்றதைக் கியர்ப் பெட்டியோடும் இணைத்தால் கிடைப்பதே இதன் அடிப்படை. இந்த உத்தியை ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற பொறியாளர் 1905-இல் கப்பல்களுக்காகக் கண்டறிந்தார். பின்னர் அது கார்களுக்கு வந்தது. அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ‘ஹைட்ராமாட்டிக்’ என்ற பெயரோடு தானியங்கிப் பெட்டி விற்பனைக்கு வந்தது.

முதல் விசிறி சுழலும் வேகத்தில் இரண்டாவது சுழல்வதில்லை, சிறிது பின்தங்கும். அந்த வித்தியாசம் முழுவதும் உஷ்ணமாக மாறி ஆயிலில் சேர்கிறது. சமவெளியில் சீராக ஓடும்போது வித்தியாசம் குறைவு. பாரம் ஏற்றி மெதுவாக மலை ஏறும்போது மிக அதிகம். அந்த ஆயிலுக்கோ மூன்று வேலைகள்: சக்தியைக் கடத்துதல், உராய்வைத் தணித்தல், தன் அழுத்தத்தால் கியர்களை மாற்றுதல். அது கெட்டால் மூன்றும் கெடும்.

பொதுவாக இந்த ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது ஆரோக்கியம். 120-ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது என்று கொள்ளலாம். ஏறத்தாழப் பத்து டிகிரி உயருந்தோறும் ஆயிலின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் கையாளும் ஒரு தோராய விதி. ஆயினும் ஒவ்வொரு வண்டிக்கும் அதன் கைந்நூல் கூறும் அளவே இறுதியானது.

பெட்டியைச் செப்பனிட்ட பின், “ஆயிலுக்கு ஓர் உஷ்ணமானி பொருத்திவிடலாம், சார்” என்றார் என் மாணவர். இது புதிய யோசனையன்று. ஆரம்ப காலத்துக் கார்களில் எஞ்சினுக்கே உஷ்ணமானி கிடையாது. ஆவி பீறிட்டால்தான் விஷயம் தெரியும். 1910-களில் அமெரிக்காவில் பாய்ஸ் என்பவரின் ‘மோட்டோமீட்டர்’ வந்தது. ரேடியேட்டர் மூடியின் மேல் நின்று, ஓட்டுபவர் இருக்கையிலிருந்தே பார்க்கும்படி உஷ்ணத்தைக் காட்டிய சிறு கருவி அது. பலரும் கடையில் வாங்கித் தாமே பொருத்திக்கொண்டார்கள். பிற்காலத்தில் முள் டேஷ்போர்டுக்கு வந்ததும் அது மறைந்தது.

பொருத்துவதற்கு முன் உணர்கருவியைச் சோதித்தோம். அதனுள் இருப்பது ‘தெர்மிஸ்டர்’ என்ற சிறு பொருள். உஷ்ணம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். அந்த மாற்றத்தையே மீட்டர் முள்ளாகக் காட்டுகிறது. கொதிக்கும் நீரில் அதை அமிழ்த்தினோம். கடல் மட்டத்தை ஒட்டிய எங்கள் ஊரில் நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. முள்ளும் 100-இல் நின்றது. சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் இதைச் செய்தால் முள் 95-ஐ ஒட்டி நிற்கும். இதைச் சொன்னபோது எனக்குப் பழைய வகுப்பறை நினைவு வந்தது.

அடுத்து, கருவியை எங்கே பொருத்துவது என்ற கேள்வி எழுந்தது. “ஆயில் தேங்கி நிற்கும் அடித்தட்டில் துளையிட்டு வைப்பதே சரி, சார்” என்றார் அவர். நன்றாயிருக்கும் தட்டில் துளையிடுவானேன் என்று எனக்குத் தோன்றிற்று. குளிர்விக்கும் ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் குழாயில் ஓர் இணைப்பைச் செருகிவிட்டால் எளிதாக முடியுமே என்றேன். ஆசிரியர் சொல்லைத் தட்டக் கூடாதென்று அவர் அப்படியே செய்துவிட்டார்.

வண்டியைக் கேளம்பாக்கம் வரை நெரிசலில் ஓட்டிப் பார்த்துத் திரும்பினோம். முள் 60-ஐ விட்டு அசையவில்லை. எனக்குப் பரம திருப்தி. என் மாணவர் ஒன்றும் பேசாமல், ஒரு கைக்கருவியை எடுத்து அடித்தட்டுக்கு நேரே பிடித்தார். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது நம் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அந்த இனத்தைச் சேர்ந்தது. அது 98 என்றது.

“அது குளிர்ந்து திரும்புகிற ஆயில், சார். பெட்டி சூடாய் இருக்கும்போதும் அந்த இடம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும்” என்றார்.

மறுநாள் அடித்தட்டைக் கழற்றித் துளையிட்டு, அதில் மரையுள்ள ஒரு வளையத்தைப் பற்றவைத்துக் கருவியைப் பொருத்தினார். கசிவு கூடாதென்று வெள்ளை டேப்பை நிறையச் சுற்றச் சொன்னேன். அதற்கும் அவர் சிரித்தார். ஒற்றை ஒயர் உள்ள கருவிக்கு வண்டியின் உடலே எர்த். டேப் அதிகமானால் மின்தொடர்பு கெட்டு, மின்தடை கூடி, முள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். என்னுடைய இரண்டு யோசனைகளும் என்னைப் பொய்யாகச் சமாதானப்படுத்தும் யோசனைகளாகவே இருந்தன!

இன்றைய புது வண்டிகள் பலவற்றின் பெட்டிக்குள் உணர்கருவி முன்பே உண்டு. ஆனால் பெரும்பாலும் எல்லை மீறிய பின்னரே எச்சரிக்கை விளக்கு எரியும். பழுது அறியும் இணைப்பில் ஒரு சிறு கருவியைச் செருகினால், துளையிடாமலே அந்த அளவைப் படிக்க முடிகிற வண்டிகளும் உண்டு. முள் ஏறினால் செய்யவேண்டியது எளிது: பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, பார்க்கிங் நிலையில் எஞ்சினை மெல்ல ஓடவிட வேண்டும். ஆயில் சுழன்று சூடு தணியும். கிருத்திகை நாளில் எங்கள் ஊர்க் கோயில் நெரிசலில் முள் ஏறியதைக் கண்டு, தம்பி இவ்வாறே ஒதுங்கி நின்றான். வண்டிக்கு ஒன்றும் நேரவில்லை.

மாணவர்களே, இத்தோடு என் பேச்சை முடித்திருக்கலாம். ஆனால் ஒன்று சொல்லாமல் விட்டால் இந்த உரை நேர்மையானதாகாது. பத்தாம் வகுப்பில் இந்த மாணவர் விஞ்ஞானத்தில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கினார். அவருடைய தந்தையை அழைத்து, “பையனுக்குப் படிப்பு வராது; ஏதாவது தொழிலில் விடுங்கள்” என்று சொன்னவன் நான். அவர் அப்படியே செய்தார். மின்தடையையும் வெப்பக் கடத்தலையும் எனக்கே விளங்கவைத்த அறிவு அன்றும் அந்தப் பிள்ளையிடம் இருந்திருக்க வேண்டும். நான் அளந்ததோ விடைத்தாளை மட்டும். அளக்க எளிதான இடம் அதுதானே! அவர் இன்று நன்றாக வாழ்கிறார். என்மீது அவருக்கு வருத்தமும் இல்லை. ஆயினும் நான் சொன்னது தவறு என்பது மாறிவிடாது.

உஷ்ணமானி பொய் சொல்வதில்லை. தான் இருக்கும் இடத்தின் உண்மையைத்தான் அது சொல்லும். அதை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவர்கள் நாம். உங்கள் நண்பரையோ, உங்களையோ ஓர் எண்ணால் மதிப்பிட நேரும்போது, அந்த எண் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.