சான்றிதழ் கொடுத்தால் தலைவன் வந்துவிடுவானா?



காலையில் குத்துவிளக்கு. மதியம் சாப்பாடு. மாலையில் சான்றிதழும் குழுப் புகைப்படமும். இதற்கு 'இளைஞர் தலைமைப் பயிற்சி முகாம்' என்று பேனர் கட்டுகிறார்கள். அந்த ஒரு நாளில் எந்தப் பையனும் தன் தெருவுக்காக நிற்கக் கற்றுக்கொள்வதில்லை.

கற்றுக்கொடுத்த ஊர் ஒன்று உண்டு: அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள நாஷ்வில். அந்தக் காலத்தில் அங்கே கறுப்பின மக்கள் பெரிய கடைகளில் காசு கொடுத்துத் துணி வாங்க முடிந்தது. அதே கடையின் உணவு மேசையில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியவில்லை. டீக்கடை இரட்டைக் குவளையை அறிந்த இந்தச் சபைக்கு அந்தக் கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஊரில் ஜேம்ஸ் லாசன் என்ற இளைஞர் வகுப்பெடுத்தார். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறை சென்றவர். பிறகு நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றிக்கொண்டே காந்தியின் அறப்போர் முறையைப் படித்தவர். அமெரிக்கா திரும்பிய அவரை 1957-ல் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், தாமதிக்காமல் தெற்கே வரச் சொன்னார். வந்தவர், 1959-ல் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் மாணவர்களை வாரந்தோறும் கூட்டினார்.

என்ன பாடம் தெரியுமா? அடி வாங்கும் பாடம்! மாணவர்களில் சிலர் நிறவெறியர்களாக நடிப்பார்கள்: வசை பாடுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். மற்றவர்கள் கை ஓங்காமல், தலையை மட்டும் காத்துக்கொண்டு, மறுபடி எழுந்து உட்காரப் பழக வேண்டும். மாதக்கணக்கில் இதே பயிற்சி. 1960 பிப்ரவரி 13 அன்று அவர்கள் நிஜமாகவே கடைகளுக்குள் போய் அமர்ந்தார்கள். அடி விழுந்தது, கைதானார்கள். அடுத்த அணி வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது. மே 10 அன்று அந்த உணவு மேசைகள் கறுப்பின மக்களுக்குத் திறந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். போராட்டக் குழுவின் தலைமையை லாசன் தன் கையில் பிடித்துவைக்கவில்லை. மாணவர்களே மாறி மாறித் தலைமை ஏற்றார்கள். டயான் நாஷ் என்ற மாணவியும் அப்படித் தலைமை ஏற்று, நகர மேயரை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். ஆனால் இழப்பு வந்தபோது லாசன் ஒதுங்கவும் இல்லை. இயக்கத்திலிருந்து விலக மறுத்ததற்காக, அவர் படித்துவந்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1960 மார்ச்சில் அவரை வெளியேற்றியது. மாணவர்களோடு தானும் விலை கொடுத்த ஆசான் அவர்.

விளைச்சல் என்ன? அலபாமாவில் குத்தகை உழவர் வீட்டில் பிறந்த ஜான் லூயிஸ், 1963-ல், 23 வயதில், மாணவர் இயக்கத்தின் தலைவராக, கறுப்பின மக்களின் உரிமைக்கான வாஷிங்டன் பேரணியில் பேசினார். 1987 முதல் 2020-ல் இறக்கும்வரை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். பெர்னார்ட் லஃபாயெட், செல்மா நகரில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யப் போனபோது வயது 22. மரியன் பேரி, பின்னாளில் வாஷிங்டன் மேயர். எல்லாரும் அந்த அடித்தள வகுப்பின் பிள்ளைகள்.

முகாம் நடத்துகிறவர்களிடம் இந்த மேடை கேட்பது இதுதான்: பேனர் செலவை நிறுத்துங்கள். பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் கூடவே நில்லுங்கள். நூலகமோ, குடிநீரோ, சுடுகாட்டுப் பாதையோ, ஊரின் ஒரு உண்மையான பிரச்சினையை அவர்களிடமே ஒப்படையுங்கள். அடுத்த கிராம சபையில் மனுவை அவர்கள் வாசிக்கட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள்!